தண்ணி கடிக்குதுடி

"தண்ணி கடிக்குதுடி" என்று அம்மா முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். மீன் அரியும்போது அரிவாள்மனை பட்டு அவள் ஆள்காட்டி விரலில் சின்னதாக ஒரு வெட்டு. தொட்டிக்கு வெளியே நின்றுகொண்டு சூடு பார்க்க அந்த விரலை விட்டால் சுருக் சுருக்கென்கிறதாம். மற்ற விரலில் ஒன்றும் தெரியவில்லையாம். "போர் தண்ணி உப்பும்மா, காயத்துல பட்டா எரியத்தான் செய்யும்" என்றேன். அந்த ஒரு வரிக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அவள் எரியுது என்று சொல்லவில்லை. கடிக்குது என்றாள்.

எங்கள் வீடு எர்ணாவூரில். நானும் அம்மாவும் மட்டும்தான். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், இடுப்பும் சரியில்லை. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினால் நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தண்ணீரில் பயிற்சி தரும் இடத்துக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோவில் கூட்டிப்போய் வர என்னால் முடியாது. அப்போதுதான் இரண்டு பேர் உட்காரும் ஹாட் டப் ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்தது. அக்ரிலிக் தொட்டி, ஜெட் பம்ப், 3 கிலோவாட் ஹீட்டர், 1,60,000 ரூபாய். சென்னை வெயிலில் சுடுதண்ணித் தொட்டியா என்று ஆபீஸில் சிரித்தார்கள். மே மாதம் எங்கள் வீட்டு சின்டெக்ஸ் தண்ணீரே கை பொறுக்காது, உண்மைதான். ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கு மார்கழி விடியற்காலை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

முதலில் மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தது. பக்கத்து வீட்டு சிவில் இன்ஜினீயர் பையன் தடுத்தான். தண்ணீர் மட்டும் 700 லிட்டர், அதாவது 700 கிலோ. தொட்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் சாதாரணமாகக் கணக்குப் போடுவார்கள், இது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்றான். அதனால் பின்கட்டில், அடிபம்புக்குப் பக்கத்தில் வைத்தோம். வடசென்னையில் எங்கள் மாதிரி பழைய வீடுகளில் அடிபம்பு இல்லாத வீடு குறைவு. அந்த இரும்புப் பம்பு பிறகு இந்தக் கதைக்குள் வரும்.

விற்றவர்கள் "ஏசி பாயிண்ட் மாதிரி ஒரு லைன் போதும் மேடம்" என்றார்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி வந்து 2.5 ஸ்கொயர் (அதாவது சதுர மில்லிமீட்டர்) வயரை இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, 9,500 வாங்கிக்கொண்டான். வயருக்கும் எம்.சி.பி.க்கும் பொருத்தமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. சூடேறும் வயரைக் காப்பாற்றத்தான் எம்.சி.பி. அந்த வயர் தாங்குவதைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால் வயர்தான் முதலில் உருகும். போட்ட அன்றைக்கே, ஹீட்டர் ஆன் ஆகிக் கொஞ்ச நேரத்தில் மெயின் போர்டில் இருந்த ஆர்.சி.சி.பி. என்கிற, கரண்ட் ஒழுகினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் விழுந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்கு வயரிங் மாற்றியபோது அப்பா வைத்தது அது. தூக்கி விட்டால் மறுபடி விழும். நாலாவது தடவை தம்பி சொன்னான்: "இது சும்மா சும்மா விழுதுக்கா, பழசாயிடுச்சு. டைரக்ட் பண்ணிடறேன்." பண்ணிவிட்டான், அதாவது ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிட்டான். நானும் "அப்பாடா" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த இடத்தை மறக்காதீர்கள். எம்.சி.பி. என்பது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும். ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஆர்.சி.சி.பி. நடுவில் கொஞ்சம் வேறு எங்கேயோ ஒழுகினால், அந்த ஒழுக்கு உங்கள் உடம்பு வழியாகப் போனாலும் சரி, 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது லைனைத் துண்டித்துவிட வேண்டும், அதுவும் 0.3 விநாடிக்குள். ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த மெஷினைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதல் நாளே அது உண்மையைச் சொன்னது. நாங்கள் அதன் வாயைப் பொத்தினோம்.

அடுத்த ஆறு வாரத்தில் மூன்று அறிகுறிகள் வந்தன. ஒன்று, அந்த விரல். இரண்டாவது, அம்மா சொன்ன இன்னொன்று: "உள்ள உக்காந்திருந்தா ஒண்ணுமே இல்லடி, இறங்கும்போது ஒரு காலைத் தரையில வெச்சா கெண்டைக்காலை இழுக்குது." அதை நரம்பு இழுப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். மூன்றாவது, பிரிட்ஜ் கைப்பிடி. ஈரக்கையோடு தொட்டால் சுர்ரென்றது. பின்கட்டுத் தொட்டிக்கும் சமையலறை பிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மங்கலாக எரிந்தது. விற்றவர்களுக்குப் போன் செய்தால் "உங்க வீட்டு வயரிங் ப்ராப்ளம்." தம்பியைக் கேட்டால் "டப்புதான்க்கா ப்ராப்ளம்." ஈ.பி.யில் மீட்டர் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு என்றார்கள், அது நியாயம்தான். கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் "யூஸ் பண்ணாம வெச்சிடு" என்றான், அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டுவிட்டு மூடி வைக்க மனசு வரவில்லை. அம்மா வேறு ஒரு மாதத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் படி ஏற ஆரம்பித்திருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தொட்டியில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. இடது கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தபடியே, பின்னால் சொட்டிக்கொண்டிருந்த அடிபம்பின் கைப்பிடியை நிறுத்த வலது கையை நீட்டிப் பிடித்தேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. வலது கை தானாக இறுகியது. விடச் சொல்கிறேன், விரல் கேட்கவில்லை. நெஞ்சுக்கு நடுவே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. காலுக்கடியில் இருந்த பாசி வழுக்கி நான் விழுந்ததில் இடது கை தண்ணீரை விட்டு வெளியே வந்தது. அந்தப் பாசியைத் தேய்த்துக் கழுவச் சொல்லி அம்மா ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தாள். கழுவியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

அம்மா நொண்டிக்கொண்டே என்னைத் தூக்க ஓடி வந்தாள். ஒருவர் கரண்டில் மாட்டியிருக்கும்போது தொட்டால் தொட்டவரும் மாட்டுவார். முதலில் உலர்ந்த இடத்தில் நின்று மெயினை ஆஃப் செய்ய வேண்டும். இதை வீட்டில் உள்ள வயதானவர்களுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள், மெயின் எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஷாக் அடித்து நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். கை வழியாக ஏறிக் கை வழியாக இறங்கும் கரண்ட் நெஞ்சைத் தாண்டித்தான் போகிறது. எனக்கு ஒரு ராத்திரி கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். 4,200 ரூபாய்.

இதைக் கேள்விப்பட்டுத் தம்பி வந்து சொன்ன வைத்தியம்: "எர்த் வீக்கா இருக்குக்கா. நியூட்ரலையே எர்த்தோட லூப் அடிச்சுட்டா சுத்தமா நின்னுடும்." பல வீடுகளில் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். சுருக்கென்பது நிற்கவும் நிற்கும். நான் தலையாட்ட இருந்தேன். ஆபீஸில் கூட வேலை செய்கிறவரின் பெரியப்பா, தண்டையார்பேட்டைக்காரர், வயரிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், போனிலேயே கத்தினார்: "பாப்பா, அவனை ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெக்கச் சொல்லு. புயல் காத்துல போஸ்ட்ல நியூட்ரல் கட்டாச்சுன்னா உங்க வீட்டு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அந்தத் தொட்டி எல்லாத்தோட பாடியிலயும் 230 வோல்ட் நிக்கும்." மறுநாள் அவரே வந்துவிட்டார்.

அவர் டெஸ்டரை எடுக்கவே இல்லை. டெஸ்டர் எரிந்தால் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு, எங்கிருந்து என்று தெரியாது என்றார். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் இன்னொன்றை அடிபம்பிலும் வைத்தார். 62 வோல்ட். பிரிட்ஜ் கைப்பிடிக்கும் அடிபம்புக்கும் நடுவில் வைத்தார். அங்கேயும் 62. "ரெண்டும் ஒரே எர்த் வயர்லதான் தொங்குது பாரு" என்றார். பிறகு மெயினை இறக்கிவிட்டு, தரையில் இரண்டு கம்பி அடித்து எர்த் டெஸ்டரால் எர்த்தின் தடையை அளந்தார். 400 ஓமுக்கு மேல். 5 ஓமுக்குள் இருக்க வேண்டியது.

வாசல் பக்கம் எர்த் குழியைத் தோண்டினோம். அப்பா வீடு கட்டியபோது இறக்கிய ஜி.ஐ. பைப். கடற்கரை மண், உப்புக் காற்று, உப்புத் தண்ணீர். அந்தப் பைப்பின் தலையில் கிளாம்ப் என்று ஒன்று இருந்த இடத்தில் வெல்லப் பாகு காய்ந்த மாதிரி ஒரு துருக் கட்டி. பெரியவர் எர்த் வயரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். நுனியில் துருத்தூள் ஒட்டிக்கொண்டு வயர் தனியாகக் கையோடு வந்தது. வீட்டில் மூணு பின் பிளக் எல்லாவற்றிலும் பெரிய பின் இருக்கிறது, எர்த் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு என் தொழில் என்பதால் இதுதான் எனக்கு உறைத்தது. 230 வோல்ட்டை 400 ஓமால் வகுத்தால் 0.575 ஆம்பியர். அதாவது பேஸ் வயரே நேராகத் தொட்டியின் பாடியில் பட்டால்கூட, பழைய ஃபேன் இரண்டு ஓடுகிற கரண்ட்தான் எர்த்தில் போகும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சரி, எர்த்தை 3 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டால்? கிட்டத்தட்ட 77 ஆம்பியர். அப்போதும் 32 ஆம்பியர் எம்.சி.பி. சூடேறி விழப் பல விநாடிகள் எடுக்கலாம். அதனால் எர்த் பிரமாதமாக இருந்தாலும் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது.

கரண்ட் எங்கிருந்து ஒழுகியது? ஹீட்டரைக் கழற்றி, உறை கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கும் மெக்கரில் 500 வோல்ட் வைத்துப் பார்த்தார். ஒரு மெகா ஓமுக்கு மேலாவது காட்ட வேண்டியது, முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. காயிலைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, ஒரு இடத்தில் உறை பொத்துப்போயிருந்தது. பழைய தொட்டி என்பதால் வரும்போதே கொஞ்சம் பழுதாக இருந்திருக்கும். அதில் நான் வேறு லாரித் தண்ணீர்க் காசை மிச்சம் பிடிக்கப் போர் தண்ணீரை நிரப்பினேன். மீஞ்சூர் பக்கமெல்லாம் கடல் தண்ணீர் நிலத்தடியில் புகுந்திருப்பது ஊரறிந்த விஷயம், எங்கள் போர் தண்ணீரில் சாம்பாரே வேகாது. ஹீட்டர் காயில் மட்டும் எப்படித் தாங்கும்? இப்போது மெட்ரோ வாட்டர்தான்.

பாண்டிங் என்ற வார்த்தையை அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். எர்த் என்றால் தெரியும், இது என்ன என்றேன். "காசிமேட்டுல போட்டெல்லாம் பக்கத்துல பக்கத்துல கட்டி வெச்சிருப்பான் பாத்திருக்கியா? நங்கூரம் போடறது எர்த். ஒரு போட்டோட இன்னொரு போட்டைக் கயித்தால இறுக்கிக் கட்டறது பாண்டிங். அலை வந்தா எல்லாம் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும், நீ ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாண்டிப் போகலாம். கட்டாத ரெண்டு போட்டுல, ஒண்ணுல ஒரு கால் இன்னொண்ணுல ஒரு கால் வெச்சா?" அம்மாவின் கெண்டைக்கால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அவளும் தண்ணீரும் ஒரே போட்டில் இருந்தார்கள், அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்ததும் இரண்டு போட்டு. நான் தண்ணீரில் ஒரு கை, பூமிக்குள் ஆழமாக இறங்கிய அடிபம்பில் ஒரு கை.

அதனால் புதிதாகச் செய்தபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரும்பு எல்லாவற்றையும் 10 ஸ்கொயர் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டினார். பம்ப் மோட்டார் பாடி, ஹீட்டர் கூடு, ஏறி இறங்கும் ஸ்டீல் கைப்பிடி, ஜன்னல் கிரில், அடிபம்பு. தரையையும் விடவில்லை. தொட்டியைச் சுற்றிப் பழைய சிமெண்டைப் பெயர்த்து, கம்பி வலை போட்டு, அந்த வலையையும் கட்டிவிட்டுத்தான் கான்கிரீட் போட்டார். அமெரிக்காவில் ஹாட் டப் அதிகம் என்பதால் அங்கே இதற்கு விதியே இருக்கிறது, தண்ணீர் விளிம்பிலிருந்து 5 அடிக்குள் உள்ள உலோகத்தை 8 கேஜ் செம்புக் கம்பியால் கட்டச் சொல்கிறது. அது நம் கணக்கில் கிட்டத்தட்ட 8.4 ஸ்கொயர். கிளாம்பெல்லாம் பித்தளை. இரும்புக் கிளாம்ப் போட்டால் இந்தக் காற்றில் ரெண்டு வருஷம் என்றார். பெயிண்ட் மேலேயே கிளாம்ப் போட்டால் அது அலங்காரம்தான், சுரண்டிவிட்டுப் போட வேண்டும்.

வாசலில் செம்புப் பூச்சுக் கம்பி இறக்கி இரண்டு எர்த் குழி, இரண்டையும் இணைத்து அளந்ததில் 2.8 ஓம். அந்த எண்ணைத் தேதியோடு மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதிப் போனார். நீங்களும் எழுதி வாங்குங்கள். "எர்த் போட்டாச்சு மேடம்" என்கிற வாய் வார்த்தைக்கு ஓம் கிடையாது. மெயின் போர்டிலிருந்து நேராக 6 ஸ்கொயரில் தனி லைன், ஓவர்லோடும் லீக்கேஜும் சேர்ந்து பார்க்கும் 32 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. ஒன்று. எலக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷின் என்பதால் 'ஏ' டைப் கேட்டு வாங்கினோம். வீட்டுக்கும் புது ஆர்.சி.சி.பி. இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கிற ஐசொலேட்டரை, தண்ணீருக்குள் இருந்து கை எட்டாத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தொட்டியிலிருந்து 2 மீட்டருக்கு அப்பால் வைத்தார். வெள்ளம் வந்தால் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்த தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது படிந்த கறுப்புக் கோடு, இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகவில்லை. அதற்கு மேல் ஒரு முழம் அளந்து அங்கே வைத்தோம். அந்தக் கோட்டால் நடந்த ஒரே நல்ல காரியம்.

நான் கணக்குக்காரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் வயரிங் 9,500, புது ஹீட்டரும் கருகிப்போன கண்ட்ரோல் போர்டும் 31,000, ஆஸ்பத்திரி 4,200. தப்பாகச் செய்ததற்கு 44,700. எர்த் குழிக்கும் தரைக்கும் 16,000, கேபிள், ஆர்.சி.பி.ஓ., பாண்டிங் எல்லாம் 24,500, பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்ட 3,000. சரியாகச் செய்ததற்கு 43,500. லீவு பதினொரு நாள் தனி. விற்றவர்களிடம் ஹீட்டர் பணத்தையாவது கேட்டேன், "யூஸ்டு அயிட்டத்துக்கு வாரண்டி இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார்கள். பில் வாங்காதது என் தப்பு. தம்பி மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவர் எர்த் அளந்தபோது அவனைத்தான் கம்பி அடிக்க வைத்தார்.

இப்போது தண்ணீர் 38 டிகிரிக்கு மேல் போகாது. அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் பதினைந்து நிமிஷம், அதுவும் நான் வீட்டில் இருக்கும்போது மட்டும். இடி மின்னல் என்றால் தொட்டி பக்கமே போவதில்லை. போனைச் சார்ஜில் போட்டபடி அங்கே எடுத்துப் போகக்கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பின்கட்டு வாசலைத் தாண்டக்கூடாது. மாதம் ஒன்றாம் தேதி பால்காரருக்குக் கணக்கு முடித்ததும் நேராக மெயின் போர்டுக்குப் போய் இரண்டு டெஸ்ட் பட்டனையும் அழுத்துகிறேன். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். பால்காரர் வருவது சாயங்காலம் ஏழரைக்கு. வீடு இருட்டானதும் ஹாலிலிருந்து அம்மா குரல் வரும்: "இன்னாடி, சீரியல் நேரத்துலதான் உனக்கு அந்தப் பட்டன் ஞாபகம் வருமா?"